எண்ணூறு பேர் வேண்டாம், இருபது பேர் போதும்

சிங்கப்பூர்ச் சுகாதார மேம்பாட்டு வாரியத்தில் இளையர் நலத் திட்டங்களைக் கவனிக்கும் அதிகாரிகளுக்கும், அந்தத் திட்டங்களுக்குப் பள்ளிக் கதவைத் திறந்துவிடும் கல்வி அமைச்சு அதிகாரிகளுக்கும்,

வணக்கம்.

பள்ளிகளுக்கு உடல்நல நாடகம் கொண்டுபோகும் கலைஞர்களில் நானும் ஒருத்தி. டெங்கிக் கொசுவாக நடித்திருக்கிறேன். நுரையீரலாக நடித்திருக்கிறேன். ஒரு முறை சீனி மூட்டையாகக்கூட மேடையேறினேன். கலைஞர்களுக்குப் பணம் போதவில்லை என்று அழுவதற்கு இந்த மடல் இல்லை (போதவில்லைதான், அது வேறு கதை). இருக்கிற பணத்தையே வேறு விதமாகச் செலவழிக்கலாம் என்று சொல்ல வந்தேன். மண்டபத்தில் எண்ணூறு பேரை உட்கார வைத்துக் காட்டும் நாடகத்தைக் குறைத்துக்கொண்டு, வகுப்பறையில் இருபது பேரோடு சேர்ந்து நடத்தும் நாடகத்துக்கு அந்தப் பணத்தைத் திருப்பிவிடுங்கள். அதைத் தமிழ் வகுப்பிலிருந்து தொடங்குங்கள்.

மண்டப நாடகம் எப்படி நடக்கும் என்று உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. ஆனால் நீங்கள் பார்ப்பது பின்வரிசை நாற்காலியிலிருந்து. மேடையிலிருந்து பார்த்தால் காட்சி வேறு. பிள்ளைகள் வகுப்பு வகுப்பாக வந்து தரையில் சம்மணம் போடுவதற்கே பத்து நிமிடம் போய்விடும். நாற்பது நிமிட நாடகம் அங்கேயே முப்பது நிமிடமாகிவிடும். காதோரம் மாட்டிய மைக் கரகரக்கும். முன்வரிசை நான்கும் நம்மைப் பார்க்கும், அதற்குப் பின்னால் இருப்பவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டிருப்பார்கள். சுவரோரம் நிற்கும் ஆசிரியர்கள் கண்ணாலேயே அதட்டுவார்கள். கதையும் எல்லாருக்கும் தெரிந்த கதைதான்: நல்ல பையன், கெட்ட கூட்டாளி, இருமல், ஆம்புலன்ஸ், அழும் அம்மா. இருபத்தெட்டாவது நிமிடத்தில் பையன் திருந்திவிட வேண்டும், ஏனென்றால் அதற்குப் பிறகு கேள்வி பதில், சரியாகச் சொன்னவருக்குத் தண்ணீர்ப் போத்தல். கடைசியில் ஒரு படிவம் வரும். சிரிக்கும் முகம், சாதாரண முகம், சோக முகம். எண்பது விழுக்காடு சிரிக்கும் முகத்தில் வட்டம் போட்டிருந்தால் எங்களுக்கு அடுத்த ஆண்டும் ஒப்பந்தம் கிடைக்கும்.

அந்தச் சிரிக்கும் முகம் எதை அளக்கிறது? முதல் பாடவேளை கணக்காக இல்லாமல் நாடகமாக இருந்ததற்கான மகிழ்ச்சியைத்தான் அது அளக்கிறது என்பது என் சந்தேகம்.

பிள்ளைகளுக்குத் தகவல் தெரியாது என்று நினைத்துக்கொண்டு நாம் நாடகம் போடுகிறோம். மின்சிகரெட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். 2018 பிப்ரவரியிலிருந்து அதை வைத்திருப்பதே குற்றம். 2025 ஜூலையில், பறிமுதல் செய்த நூற்றுக்கும் மேற்பட்ட சாதனங்களைச் சோதித்ததில் மூன்றில் ஒரு பங்கில் எட்டோமிடேட் இருந்ததாகச் சுகாதார அமைச்சர் ஓங் யி காங் சொன்னார். மருத்துவமனையில் மயக்கம் கொடுக்கப் பயன்படும் மருந்து அது. அதே ஆண்டு தேசிய தினப் பேரணியில் பிரதமர் லாரன்ஸ் வோங், மின்சிகரெட்டை இனிப் போதைப்பொருள் பிரச்சினையாகக் கையாள்வோம் என்றார். செப்டம்பர் 1 முதல் எட்டோமிடேட் சி பிரிவுப் போதைப்பொருள் பட்டியலில் சேர்ந்தது. இவை எல்லாம் உயர்நிலை இரண்டு மாணவனுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். அபராதம் எவ்வளவு என்று கேட்டால் பதினெட்டு வயதுக்குக் கீழே, மேலே என்று பிரித்தே சொல்வான். புளோக்குக்குக் கீழே கல் மேசையில் உட்கார்ந்திருக்கும்போது சொந்தக் கூட்டாளி கையை நீட்டினால் வாயைத் திறந்து என்ன சொல்வது என்பதுதான் அவனுக்குத் தெரியாது. அது தகவல் கிடையாது, பயிற்சி. மண்டபத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்து பெறக்கூடிய பயிற்சியும் கிடையாது.

பிரேசில் நாட்டு நாடகக்காரர் அகஸ்டோ போவால் 1970களில் உருவாக்கிய முறை ஒன்று இதற்கென்றே செய்ததுபோல் இருக்கும். மன்ற நாடகம் என்று தமிழில் சொல்கிறோம். ஒரு சிறு கதையை நடித்துக் காட்டுவோம், அது மோசமாக முடியும். பிறகு அதே கதையை மறுபடியும் நடிப்போம். பார்ப்பவர்களில் யார் வேண்டுமானாலும் “நிறுத்து” என்று சொல்லலாம். சொன்னவர் எழுந்து வந்து, சிக்கலில் மாட்டிய பாத்திரத்தின் இடத்தில் நின்று, தான் என்ன செய்வார் என்று செய்து காட்ட வேண்டும். எதிரே நிற்கும் நடிகர் இலேசில் விட்டுக்கொடுக்க மாட்டார். இரண்டுக்கும் நடுவே நின்று கூட்டத்தோடு பேச ஒருவர் இருப்பார். நம் தெருக்கூத்தில் கட்டியங்காரன் ராஜாவையும் கிண்டலடிப்பான், முன்வரிசையில் உட்கார்ந்திருக்கும் பெரியவரையும் வம்புக்கு இழுப்பான் அல்லவா, கிட்டத்தட்ட அந்த வேலைதான். அதனாலோ என்னவோ, இந்த முறையைக் கற்றுக்கொள்ள எங்கள் தமிழ் நடிகர்களுக்கு அதிக நேரம் பிடிப்பதில்லை.

ஓர் உயர்நிலைப் பள்ளியில் ஒரே ஒரு வகுப்புக்கு இதைச் செய்ய வாய்ப்புக் கிடைத்தது. கல் மேசைக் காட்சிதான். என்னோடு நடித்த தம்பி கூட்டாளி வேடத்தில், பென்சில் பெட்டியிலிருந்து ஒரு மார்க்கர் பேனாவை எடுத்து மின்சிகரெட்டாக நீட்டினான். “ஒரு இழுதான்டா. ஸ்ட்ராபெரி.” முதலில் வந்த பையன் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, “வேணாம், அது சட்டவிரோதம்” என்றான். வகுப்பே கைதட்டியது. தம்பி சிரிக்காமல், “அப்ப போய் போலீஸ்கிட்ட சொல்லேன்” என்றான். பையனுக்கு அதற்கு மேல் வசனம் இல்லை. இரண்டாவது வந்தவன் நுரையீரல் கெட்டுப்போகும் என்றான். “உங்கப்பா நாப்பது வயசு வரைக்கும் சிகரெட் பிடிச்சாரு, நல்லாத்தானே இருக்காரு?” என்று கேட்டதும் அவனும் உட்கார்ந்துவிட்டான். அப்பா பிடித்தாரா இல்லையா என்று எங்களுக்குத் தெரியாது. தம்பி சும்மா அடித்துவிட்டான், அது பட்டுவிட்டது.

அப்போது சன்னலோரமாக உட்கார்ந்திருந்த ஒரு பெண் கை உயர்த்தினாள். அதுவரை வாயே திறக்காதவள். வந்து மேசையில் உட்கார்ந்தாள். மார்க்கரைப் பார்த்தாள். “நாளைக்கு நாஃபா உடற்தகுதித் தேர்வு, 2.4 கிலோமீட்டர் ஓடணும். பதினாலு நிமிஷத்துக்கு மேல போச்சுன்னா பயிற்றாசிரியர் என்னை டீம்லேருந்து தூக்கிருவாரு. நீ ஓடுவியா எனக்குப் பதிலா?” என்று கேட்டுவிட்டு, பையை எடுத்துத் தோளில் போட்டு எழுந்து நடந்தாள். தம்பிக்குப் பதில் வரவில்லை. நடிப்புக்காக இல்லை, உண்மையிலேயே வரவில்லை. கட்டியங்காரி வேலையில் இருந்த நான் வகுப்பைக் கேட்டேன்: “இது நிஜத்துல நடக்குமா?” நடக்கும் என்றார்கள். ஒருவன் மட்டும், “ஆனா நாஃபா வருஷத்துக்கு ஒரு தடவைதானே வருது, மத்த நாளுக்கு என்ன செய்றது?” என்றான். அடுத்த இருபது நிமிடம் அந்தக் கேள்வியிலேயே ஓடியது. பாட்டி வீட்டுக்குப் போகணும் என்றார்கள், போன் பேசுவதுபோல் நடிக்கலாம் என்றார்கள், “எனக்குப் பிடிக்கல, அவ்வளவுதான்” என்று சொல்வதற்கு எவ்வளவு தைரியம் வேண்டும் என்று விவாதித்தார்கள். இந்த வசனங்களில் ஒன்றைக்கூட நாங்கள் எழுதிக் கொடுத்திருக்க முடியாது.

இது சிங்கப்பூருக்குப் புதிய சங்கதி இல்லை என்பது உங்கள் மூத்த அதிகாரிகளுக்கு நினைவிருக்கும். 1990களின் தொடக்கத்தில் நெசசரி ஸ்டேஜ் குழு இங்கே மன்ற நாடகத்தை மேடையேற்றியது. 1994 ஜனவரியில் அதற்கான அரசு நிதி நின்றுபோனது. எழுதி ஒப்புதல் வாங்கிய வசனம் இல்லாமல் மேடையில் யார் என்ன பேசுவார்களோ என்ற கவலை. 2003ல் அந்தத் தடை நீங்கியது. நிதி திரும்பிவிட்டது, கவலை மட்டும் முழுக்கப் போகவில்லை என்று எனக்குத் தோன்றும். பள்ளிகள் கேட்கும் விலைப்புள்ளிகளில் “முழு வசனமும் முன்கூட்டியே தர வேண்டும்” என்ற வரியைப் பார்க்கும்போதெல்லாம் 1994தான் ஞாபகத்துக்கு வருகிறது.

அதே குழுவின் இன்னொரு கதையும் உங்கள் துறையைத் தொட்டதுதான். மனநலம் பற்றி ஒரு நாடகம் வேண்டும் என்று சுகாதார அமைச்சு அவர்களிடம் கேட்டது. ஹரேஷ் சர்மா எழுதியது ‘ஆஃப் சென்டர்’. வினோத், சலோமா என்று மனநலப் பாதிப்புள்ள இரண்டு இளையர்களின் கதை. எழுதி முடித்ததும் அமைச்சுக்கு ஒத்துவரவில்லை, ஆதரவை விலக்கிக்கொண்டது. குழு சொந்த முயற்சியில் 1993ல் அதை மேடையேற்றியது. பிற்பாடு அதே நாடகம் நம் உயர்நிலைப் பள்ளிகளில் ஆங்கில இலக்கியப் பாடநூலானது. ஓர் அமைச்சு வேண்டாம் என்றதை இன்னோர் அமைச்சு தேர்வுக்கு வைத்தது. இதைக் குத்திக்காட்டச் சொல்லவில்லை. சங்கடப்படுத்தும் நாடகத்துக்குத்தான் ஆயுசு அதிகம் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குக் கிடைக்கவில்லை. எச்ஐவி தொற்று தனக்கு இருப்பதாக 1998ல் பொதுவில் அறிவித்த முதல் சிங்கப்பூரர் பேடி சியூ, 1999 மே மாதம் தன் கதையைத் தானே மேடையேறிச் சொன்னார். ஆகஸ்டில் காலமாகிவிட்டார். அந்த நாடகத்தில் திருந்துவதற்கு ஒரு பாத்திரமும் இல்லை.

வெளிநாட்டு அனுபவமும் இதே பக்கம்தான் கைகாட்டுகிறது. தென்னாப்பிரிக்காவின் குவாசூலு-நட்டால் பகுதியில் 1990களில் டிராம்-எய்டு என்ற அமைப்பு எய்ட்ஸ் விழிப்புணர்வுக்காகப் பள்ளிகளுக்குள் போனது. முதலில் நடிகர்களும் தாதியரும் சேர்ந்து ஒரு நாடகம் காட்டுவார்கள். அதோடு மூட்டை கட்டிக்கொண்டு கிளம்ப மாட்டார்கள். பிறகு மாணவர்களோடு பட்டறை. கடைசியில் மாணவர்களே நாடகம், பாட்டு, ஆட்டம் என்று தயாரித்துப் பெற்றோரையும் ஊராரையும் அழைத்துக் காட்டுவார்கள். இப்படிச் செய்த பள்ளிகளையும், வெறும் கையேடு கொடுத்த பள்ளிகளையும் ஒப்பிட்டுப் பார்த்தபோது, அறிவிலும் மனப்போக்கிலும் நாடகப் பள்ளிகளே முன்னால் நின்றன. பொதுவாக உடல்நல நாடகங்களைப் பற்றி வந்த ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தால், நாடகம் பார்த்த கையோடு தகவல் அறிவு கூடுகிறது, பழக்கம் மாறியதற்கான சான்று மெலிவாகவே இருக்கிறது. இதை மறைத்து உங்களிடம் நிதி கேட்பது நேர்மையாகாது. சான்று மெலிவாக இருப்பதற்கு ஒரு காரணம், நாடகம் முடிந்த அரைமணி நேரத்தில் படிவத்தை நீட்டி எல்லாவற்றையும் முடித்துக்கொள்ளும் நம் அவசரம்தான்.

இனி ஏன் தமிழ் வகுப்பு என்று சொல்கிறேன்.

முதல் காரணம் வெறும் ஏற்பாட்டு விஷயம். சிறிய கூட்டம் வேண்டும் என்றால், பெரும்பாலான பள்ளிகளில் அது ஏற்கெனவே இருக்கிறது. தாய்மொழிப் பாடவேளையில் ஒரே நிலையின் பல வகுப்புகளிலிருந்து தமிழ்ப் பிள்ளைகள் ஓர் அறைக்கு வருகிறார்கள். பதினைந்து பேர், இருபது பேர். மேசையைச் சுவரோரம் தள்ளினால் அரங்கம் தயார். பள்ளியில் தமிழ் இல்லாத பிள்ளைகள் உமறுப் புலவர் தமிழ்மொழி நிலையம் போன்ற இடங்களில் கூடுகிறார்கள். புதிதாக நேரம் ஒதுக்க வேண்டியதில்லை. வாய்மொழித் தேர்வுக்கு உரையாடல் பயிற்சி என்று வேறு கணக்கில் காட்டிக்கொள்ளலாம், தமிழாசிரியர்கள் மகிழ்ச்சியாகவே சம்மதிப்பார்கள்.

இரண்டாவது காரணம்தான் எனக்கு முக்கியம். கூட்டாளியிடம் மறுப்பது ஒரு வகைச் சிக்கல். வீட்டில் மறுப்பது வேறு வகை. 2010 தேசியச் சுகாதார ஆய்வில் சிங்கப்பூர் இந்தியர்களில் 17.2 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருந்தது, சீனர்களில் 9.7. 2016ல் அரசாங்கம் நீரிழிவுக்கு எதிராகப் போர் என்றே அறிவித்தது. 2022 இறுதியிலிருந்து போத்தல் பானங்களில், சீனி அளவைப் பொறுத்து ஏ, பி, சி, டி என்று தரம் காட்டும் நியூட்ரி-கிரேட் எழுத்து வந்தது. அடுத்த ஆண்டு இறுதியில் கடையில் கலக்கித் தரும் பானங்களுக்கும் வந்தது. பபள் டீ கடையில் நம் பிள்ளைகள் முப்பது விழுக்காடு சீனி என்று சரளமாகக் கேட்கிறார்கள். தீபாவளிக்கு அத்தை வீட்டுக்குப் போனால் குலாப் ஜாமூனில் எழுத்து எதுவும் ஒட்டியிருக்காது. “ஒண்ணே ஒண்ணு சாப்பிடு கண்ணு, ஒரு நாள்தானே” என்பதற்கு என்ன பதில்? மாமாவுக்கு இனிப்புநீர் முற்றிக் கால்விரலை எடுத்திருக்கிறார்கள், அவர் தட்டிலும் இரண்டு வைக்கிறார்கள். அங்கே பேச வேண்டிய வசனத்தை ஆங்கிலத்தில் ஒத்திகை பார்த்துப் பயனில்லை. மரியாதை குறையாமல், அத்தை முகம் வாடாமல், அதே சமயம் விட்டுக்கொடுக்காமல் பேசுவது தமிழில் நடக்க வேண்டிய காரியம்.

மனநலத்தில் இது இன்னும் கூர்மையாகத் தெரியும். மனநலக் கழகத்தின் தேசிய இளையர் மனநல ஆய்வு 2024ல் வெளியானது. 15 முதல் 35 வயதுக்குட்பட்டோரில் 30.6 விழுக்காட்டினருக்கு மனச்சோர்வு, பதற்றம், மனவுளைச்சல் ஆகியவற்றில் ஒன்றாவது கடுமையாகவோ மிகக் கடுமையாகவோ இருப்பதாகச் சொன்னது. பள்ளிகளில் நடக்கும் தாய்மொழி இருவார நிகழ்ச்சிக்காக ஒரு பள்ளியில் இதை வைத்து ஒரு சிறு காட்சி செய்தோம். நிலா, உயர்நிலை மூன்று. இரவில் தூக்கம் வருவதில்லை, காலையில் வயிற்றுவலி என்று பள்ளிக்குப் போவதில்லை. அம்மாவாக நான். “என்ன குறை வச்சோம் உனக்கு? நாங்க நாலு பேரு ஒரே அறையில படுத்தோம், எங்களுக்கெல்லாம் ஸ்ட்ரெஸ் வரல.” நிலாவின் இடத்துக்கு வந்த முதல் மாணவி தயாராக வந்தாள். “அம்மா, மூணு பேர்ல ஒருத்தருக்கு இது இருக்காம், ஆய்வு சொல்லுது.” நான் சொன்னேன்: “அப்ப மிச்சம் ரெண்டு பேரு ஒழுங்காத்தானே இருக்காங்க? நீ அவங்க மாதிரி இரேன்.” வகுப்பு சிரித்தது, அவளும் சிரித்துவிட்டாள். அடுத்தவள் பாதியில் ஆங்கிலத்துக்கு மாறினாள், பள்ளி ஆலோசகரிடம் கேட்ட சொற்கள் எல்லாம் அதில் இருந்தன. “இங்கிலீஷ்ல சொன்னா பெரிய வியாதியாயிடுமா?” என்றேன். அவள் திணறினாள்.

மூன்றாவதாக ஒரு பையன் வந்தான். அம்மா எதிரே நிற்காமல் சமையலறைப் பக்கம் போவதுபோல் போனான். “அம்மா, தே போடவா? உங்களுக்குச் சேத்து?” என்றான். வெறுங்கையில் இரண்டு கோப்பையோடு வந்து, எனக்கு எதிரே உட்காராமல் பக்கத்தில் உட்கார்ந்தான். “போன வாரத்துலேருந்து தூங்கல அம்மா. சண்டை போடாம கேளுங்க.” அம்மா வேடத்தில் நான் தயாராக வைத்திருந்த வசனங்களில் ஒன்றும் அங்கே பொருந்தவில்லை. “எவ்வளவு நாளா?” என்றுதான் கேட்க வந்தது.

அந்தக் காட்சியை முதலில் இன்னோர் இடத்துக்குத்தான் எழுதினோம். பணம் கொடுத்தவர்கள் அம்மாவின் வசனத்தை மென்மையாக்கச் சொன்னார்கள், பெற்றோர் புகார் செய்வார்களாம். முடிவில் நிலா சிரிக்க வேண்டும் என்றும் சொன்னார்கள். அம்மாவை மென்மையாக்கிவிட்டால் பையன் எழுந்து வருவதற்கு வேலையே இல்லை. நாங்கள் மறுத்தோம், ஒப்பந்தம் போனது.

ஆகவே என் வேண்டுகோள்களில் முதலாவது வசனத்தைப் பற்றியது. மருத்துவத் தகவலை உங்கள் தாதியரும் மருத்துவர்களும் வரி வரியாகச் சரிபார்க்கட்டும். எட்டோமிடேட் என்ன செய்யும் என்பதில் நாங்கள் கற்பனை செய்யக் கூடாது, தற்கொலை பற்றிய பேச்சில் கட்டாயம் கூடாது. ஆனால் அம்மா என்ன பேசுவாள், கூட்டாளி எப்படிச் சீண்டுவான், கதை எங்கே நிற்கும் என்பவற்றை எங்களிடம் விட்டுவிடுங்கள். திருந்தாமல் முடியும் கதைக்கும் அனுமதி கொடுங்கள்.

நேரம் அடுத்தடுத்து இரண்டு பாடவேளையாக வேண்டும். நாற்பது நிமிடத்தில் முதல் ஆள் எழுந்து வருவதற்குள் மணி அடித்துவிடும். பள்ளி ஆலோசகர் அதே அறையில் இருக்க வேண்டும், மூன்றாம் மாடி அலுவலகத்தில் இல்லை. காட்சி முடிந்ததும் ஒரு பிள்ளை மெதுவாக எழுந்து அவர் பக்கம் போய் நிற்கலாம், நிற்பதைப் பார்த்திருக்கிறேன். 1771 என்ற மனநல உதவி எண்ணைப் பலகையில் எழுதி வைப்பதோடு, ஒரு பாத்திரம் அந்த எண்ணுக்கு அழைத்துப் பேசுவதையே ஒரு காட்சியாக வைக்கலாம். அழைத்தால் மறுமுனையில் என்ன கேட்பார்கள் என்று தெரியாததால்தான் பலர் அழைப்பதில்லை.

ஒரு மாதம் கழித்து அதே குழு அதே வகுப்புக்கு ஒரு பாடவேளை திரும்பி வரட்டும். சிரிக்கும் முகப் படிவத்தைத் தூக்கிப் போட்டுவிட்டு அப்போது ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: “இந்த மாதம் யாரிடமாவது வேறு மாதிரிப் பேசினாயா, என்ன பேசினாய்?” ஒரு வரி எழுதட்டும், பெயர் வேண்டாம். அதை உங்கள் ஆய்வாளர்கள் எண்ணட்டும், வகை பிரிக்கட்டும். எங்களுக்கு அடுத்த ஒப்பந்தம் அதை வைத்துக் கிடைக்கட்டும், கிடைக்காமலும் போகட்டும்.

எண்ணிக்கை குறைந்துவிடுமே என்பீர்கள். ஆண்டறிக்கையில் “இத்தனை ஆயிரம் மாணவர்களைச் சென்றடைந்தோம்” என்று எழுத முடியாதுதான். அதனால்தான் எல்லாப் பள்ளியையும் ஒரேயடியாக மாற்றச் சொல்லவில்லை. தமிழ் மாணவர்கள் எண்ணிக்கையில் சிறியவர்கள். சிறியவர்களாக இருப்பதில் ஒரு நன்மை உண்டென்றால் அது இதுதான்: எங்களிடம் சோதனை செய்துபார்ப்பது மலிவு. சரிவந்தால் மலாய், சீன வகுப்புகளுக்கு எடுத்துப் போங்கள். நடிகர்களுக்குப் பஞ்சம் இல்லை. 1988 முதல் இயங்கும் ரவீந்திரன் நாடகக் குழு, அவாண்ட் நாடகக் குழு, அகம் தியேட்டர் லேப் என்று தமிழில் தொடர்ந்து மேடையேற்றும் குழுக்கள் இருக்கின்றன. கட்டியங்காரர் வேலைக்குப் பயிற்சி வேண்டும், அதற்கான ஒத்திகை நாள்களுக்கும் சம்பளம் வேண்டும். இதுவரை ஒத்திகைக்கு யாரும் காசு கொடுத்ததில்லை.

ஏப்ரலில் மட்டும் வைக்காதீர்கள். தமிழ்மொழி மாதத்தில் தமிழாசிரியர்களுக்குத் தண்ணீர் குடிக்க நேரமில்லை. ஜூன் விடுமுறை முடிந்து மூன்றாம் தவணை தொடங்கும் முதல் சில வாரங்கள் நல்ல நேரம். உயர்நிலை நான்கை விட்டுவிட்டு இரண்டும் மூன்றும் எடுத்துக்கொள்ளலாம். மூன்று பள்ளிகள் போதும். சம்மதம் என்றால் ஒத்திகைக்கே ஆள் அனுப்புங்கள், அறிக்கை எழுதும் அதிகாரியே வந்தால் நல்லது. அவருக்கு ஒரு நாற்காலி போட்டு வைக்கிறோம். ஆனால் அத்தை காட்சி நடக்கும்போது அவர் “நிறுத்து” என்று சொல்லிவிட்டால், பதவி பார்க்காமல் எழுப்பி ஜாமூன் தட்டின் முன்னால் நிறுத்திவிடுவோம் என்பதை இப்போதே சொல்லிவிடுகிறேன்.

இப்படிக்கு,
பள்ளி மேடைகளில் நடிக்கும் ஒரு தமிழ் நாடகக் கலைஞர்,
சிங்கப்பூர்